பிறர் குறிப்பைத் தேடுதல்

ஒருவர் தமக்காக எழுதி வைத்த குறிப்புகளை இன்னொருவர் துருவிப் பயன்கொள்வது புதிய செயல் அன்று. தமிழில் அச்சேறிய முன்னோடி அகராதிகளுள் ஒன்று அவ்வாறுதான் பிறந்தது. அது பிறந்த இடம் மானிப்பாய், ஆண்டு 1842. செயற்கை நுண்ணறிவு முகவர்கள் நம் கணினியிலுள்ள சொந்தக் குறிப்புகளுக்குள் புகுந்து வேண்டியதை எடுத்து வரும் தேடுகருவிகள் இப்போது பரவலாகிவிட்டன. அவற்றைக் குறித்து எழுதுவோர் யாவரும் இதனை வரலாறு காணாத புதுமை என்றே சொல்கின்றனர். எனக்கோ மானிப்பாயில் முன்னரே நடந்துவிட்ட ஒன்று மறுபடியும் வேறு உருவில் வந்திருப்பதாகவே தோன்றுகின்றது. அன்று எது பிழைத்தது, எது தொலைந்தது என்பதை அறிந்தால் இன்றைய கருவியை அளந்து பார்க்கலாம்.

முதலில் கருவி. முகவர் என்பது ஒரு வேலையைச் சொன்னால் அதைச் சிறு வேலைகளாகப் பிரித்து, வேண்டிய மென்பொருள்களைத் தானே அழைத்துச் செய்து முடிக்கும் நிரல். அதற்கு உலகத்துப் பொது அறிவு உண்டு. உங்கள் அலுமாரியில் இருப்பது தெரியாது. ஆகவே குறிப்புகளைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் பொருளையும் நீண்ட எண்வரிசையாக மாற்றி அடுக்கி வைக்கின்றனர். கேள்வியும் அவ்வாறே எண்வரிசையாகும். அதற்கு நெருங்கியவை பொறுக்கி எடுக்கப்படும். பஞ்சம் என்று கேட்டால் அரிசித் தட்டுப்பாடு என்று எழுதிய பக்கமும் வரும். இத்தகைய கருவிகளை முகவரோடு பொருத்துவதற்கான பொது இணைப்பு முறையொன்றை 2024 நவம்பரில் அந்த்ரோப்பிக் நிறுவனம் வெளியிட்டது. மாடல் கான்டெக்ஸ்ட் புரொட்டோகால் என்பது அதன் பெயர். அதன் பின்னர் இவ்வகைக் கருவிகள் பெருகின.

இனி மானிப்பாய்க்கு வருவோம்.

அகரவரிசை வழக்கிற்கு வருமுன் தமிழில் சொற்பொருள் தேடுகருவி மாணவனின் நினைவாற்றலே. நிகண்டுகள் செய்யுளில் இருந்தன. மனனம் செய்தவனுக்குத்தான் அவை திறக்கும். 1594இல் சிதம்பர இரேவண சித்தர் அகராதி நிகண்டு இயற்றி முதலெழுத்து வரிசையைக் கொணர்ந்தார். 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியைச் செய்தார். மனனம் செய்யாதவனும் தேடலாம் என்ற நிலை அப்போதுதான் உருவாயிற்று. இது சிறிய மாற்றம் அன்று. நூலைக் கற்றவனிடமிருந்து நூலைக் கல்லாதவனுக்குத் தேடும் உரிமை கைமாறியது.

1818இல் இலங்கைக்கு வந்து நல்லூரில் பணியாற்றியவர் சர்ச் மிஷன் சங்கத்தின் யோசப் நைற் பாதிரியார். இவர் பெரியதோர் அகராதியை எண்ணிச் சொற்களையும் பொருள்களையும் திரட்டத் தொடங்கினார். தமிழுக்குத் தமிழ், ஆங்கிலத்துக்குத் தமிழ், தமிழுக்கு ஆங்கிலம் என அத்திரட்டிலிருந்து வெவ்வேறு அகராதிகள் எழவேண்டியிருந்தன. வேலை முடியுமுன் அவர் இறந்தார். எஞ்சியவை கையெழுத்துத் தாள்கள். அவற்றை அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் ஏற்றனர்.

அந்த ஒரு குவியலின் பிற்காலக் கதையைப் பாருங்கள். தமிழ் - தமிழ் அகராதி லீவை ஸ்போல்டிங் பாதிரியாரின் மேற்பார்வையில் 1842இல் வெளிவந்தது. ஏறத்தாழ 58,500 சொற்கள். உழைத்த தமிழறிஞர்களுள் முதன்மையானவர் சந்திரசேகர பண்டிதர். யாழ்ப்பாண அகராதி என்றும் மானிப்பாய் அகராதி என்றும் வழங்குவது இதுவே. ஆங்கிலம் - தமிழ் அகராதி நைற், ஸ்போல்டிங் இருவர் பெயரிலும், சாமுவேல் ஹட்சிங்ஸ் திருத்தியதாக 1844இல் சென்னையில் அச்சாயிற்று. தமிழ் - ஆங்கிலம் பகுதியை உடுவிலில் நெடுங்காலம் இருந்து பின்னர் சென்னை சென்ற மிரன் வின்சுலோ எடுத்துக்கொண்டார். 67,000க்கும் மேற்பட்ட சொற்களுடன் 1862இல் அது வெளிவந்தது. காலஞ்சென்ற நைற்றின் கையெழுத்துத் திரட்டிலிருந்து ஒரு பகுதி பெறப்பட்டதென்று வின்சுலோவின் முகப்புப் பக்கமே சொல்லுகின்றது. அதே பக்கத்தில் தகுதி வாய்ந்த சுதேச அறிஞர்களின் உதவி என்ற குறிப்பும் உண்டு. நைற்றுக்குப் பெயர் உண்டு. அறிஞர்களுக்கு அந்தப் பக்கத்தில் பெயர் இல்லை. இக்குறை அக்காலத்து வழமை. ஆயினும் என் வாதத்துக்கு இது முக்கியமானது.

ஏனெனில் அந்த அறிஞர்களே அன்றைய தேடுகருவி. இன்றைய பேச்சில் சொன்னால் முகவர்கள். பாதிரியார் கேட்பார், பண்டிதர் தாளைப் பார்த்து, நூலைப் பார்த்து, தம் நினைவையும் பார்த்துப் பொருள் சொல்வார். ஆனால் இன்றைய முகவருக்கு இல்லாத ஒன்று பண்டிதரிடம் இருந்தது. இன்ன பொருள் கம்பனிடம் உள்ளது, இன்ன பொருள் கடற்கரையில் வழங்குவது, இன்ன பொருளை நிகண்டுகாரர் செய்யுள் நிரப்பச் சேர்த்தார் என்று அவர் பிரித்தறிவார். தாளில் அது எழுதப்படவில்லை. அவர் தலையில் இருந்தது.

அச்சான நூலைத் திறந்தால் இவ்விழப்பு தெரியும். மானிப்பாய் அகராதியில் தலைச்சொல்லுக்கு நேரே பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். எந்த நூலில், எந்த வட்டாரத்தில், யார் வாயில் என்பது இராது. ஐந்து பொருள் இருந்தால் ஐந்தும் சமம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் பொருளுக்கு நேரே மேற்கோள் நூலின் பெயரைச் சேர்த்துத் தந்ததனால்தான் அத்தனை மதிப்புப் பெற்றது. அதன் ஆறு தொகுதிகளும் 1924 முதல் 1936 வரை வெளிவந்தன, அனுபந்தம் 1939இல். மானிப்பாய் அகராதிக்கும் லெக்சிகனுக்கும் இடைப்பட்ட தொண்ணூறு ஆண்டுகளில் தமிழ் அகராதிக்கலை கற்றுக்கொண்ட பாடங்களுள் தலையாயது இதுவே என்று நான் கருதுகிறேன்: பொருளைச் சேமித்தால் போதாது, அது வந்த வழியையும் சேமிக்கவேண்டும்.

மானிப்பாயில் இன்னொரு முன்மாதிரியும் உண்டு. 1847இல் வந்து மறு ஆண்டு மானிப்பாயில் அமர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1860களில் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கலானார். அவரும் அவருடைய மாணவர்களும் மொழிபெயர்த்து அச்சிட்டவை 4,000 பக்கங்களுக்கு மேல். இரண வைத்தியம் 1867, மனுஷ அங்காதிபாதம் 1872, வைத்தியாகரம் 1872, கெமிஸ்தம் 1875, மனுஷ சுகரணம் 1883. பல கைகள் தனித்தனியே மொழிபெயர்க்கும்போது ஒரே உறுப்புக்கு ஆளுக்கொரு பெயர் வந்துவிடும் அல்லவா? மருத்துவத்தில் அது வெறும் நடைக்குற்றம் அன்று. நோயாளியின் உயிரைத் தொடும் பிழை. கிறீன் கலைச்சொற் பட்டியல்களைத் தொகுத்து, ஒழுங்கும் வகுத்தார். தமிழில் சொல் உண்டாயின் அதுவே, இல்லையேல் வடமொழி, அதுவும் பொருந்தாவிடின் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு இசைய எழுதுக. கெமிஸ்தம் என்ற தலைப்பே மூன்றாம் விதியின் விளைவு. 1873இல் தாய்நாடு திரும்பிய பின்னரும் மாசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரிலிருந்து இப்பணியை அவர் கைவிடவில்லை. தாள்கள் கப்பலில் போய்த் திருத்தம் பெற்றுக் கப்பலில் திரும்பின. கடலுக்கு இரு கரையிலும் ஒரே சொற்பட்டியல் இருந்தமையால் இது இயன்றது. பலர் ஒருவரது குறிப்பைக் கலந்தாலோசித்து வேலை செய்வதற்கு விதி வேண்டும் என்பதை மானிப்பாய் மருத்துவமனையில் அன்றே அறிந்திருந்தனர். (அந்த மருத்துவமனை இன்றும் கிறீன் ஞாபகார்த்த மருத்துவமனை என்றே வழங்குகின்றது.)

இதே மானிப்பாயின் மைந்தரான ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1902இல் அபிதான கோசத்தை வெளியிட்டார். தமிழின் முதற் கலைக்களஞ்சியம் என்று அதனைச் சொல்வர். சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி அச்சானது 1910இல். தேடி எடுக்கத்தக்கதாய் அறிவை அடுக்கும் ஆசை இவ்வூர்க் காற்றிலேயே இருந்ததுபோலும்!

இனி என் குறிப்புகளைப் பற்றிச் சிறிது. பத்திரிகைத் தொழிலில் நாற்பது ஆண்டுகளாகச் சேர்ந்தவை. கொப்பிகள் ஒரு பங்கு. கணினிக் கோப்புகள் ஒரு பங்கு. இத்தகைய தேடுகருவி ஒன்றை நிறுவிக் கோப்புகளை அதற்குக் காட்டினேன்.

முதல் முட்டுக்கட்டை எழுத்துரு. யுனிக்கோடு பரவுமுன் ஈழத்துப் பத்திரிகைக் கந்தோர்களில் பாமினி எழுத்துருவே பெருவழக்கு. அதில் அம்மா என்று திரையில் தெரிவது, கோப்புக்குள் ஆங்கில எழுத்துகளும் நடுவே ஓர் அரைப்புள்ளியுமாகவே கிடக்கும். மனிதக் கண்ணுக்குத் தமிழ்; கருவிக்குப் புலம்பல். எனவே என் 1990களும் 2000களின் முற்பாதியும் முகவருக்கு வெற்றிடம். மாற்றி நிரல் கொண்டு யுனிக்கோடாக்கிய பின்னரே அவை அதற்குத் தெரியலாயின. புலம்பெயர் நாடுகளில் பழைய தட்டுகளையும் வன்தட்டுகளையும் வைத்திருக்கும் வாசகர்கள் இதைக் கவனிக்கவேண்டும். மாற்றுவதற்குப் பாமினி அறிந்தோர் இருக்கும்போதே மாற்றிவிடுதல் நன்று.

அடுத்தது சொல்வழக்கு. 'பெடியள் கேட்டவை' என்று ஓரிடத்தில் எழுதியிருந்தேன். முகவர் அதைச் சிறுவர்கள் கேட்டுக்கொண்டனர் என்று சுருக்கித் தந்தது. 1980களின் யாழ்ப்பாணத்தில் பெடியள் என்றால் யாரென்று நம்மவர்க்குச் சொல்லவேண்டியதில்லை. ஆயுதம் ஏந்திய இளைஞரை நோக்கிய சொல் அது. ஒரு பக்கத்தின் முழு வரலாறும் அச்சொல்லில் இருந்தது. உயர்தமிழும் வழக்குத் தமிழும் வேறென்று தம் அகராதித் தலைப்பிலேயே குறித்த வின்சுலோ இவ்விடத்தில் இன்னும் ஒருபடி மேலே நிற்கிறார்.

மூன்றாவதே பெரிது. மானிப்பாயில் அமெரிக்க அச்சுக்கூடம் எப்போது தொடங்கியது என்று கேட்டேன். 1820 என்று விடை வந்தது, தயக்கமின்றி. நடந்தது வேறு. 1820இல் ஜேம்ஸ் கரெற் என்ற அச்சாளர் அமெரிக்காவிலிருந்து வந்தார். ஆளுநரின் பதிலாளாயிருந்த எட்வர்ட் பார்ன்ஸ் அவரை இலங்கையில் தங்கவிடாது வெளியேற்றினார். அச்சுப்பொறி நல்லூரில் சர்ச் மிஷனாரிடம் போயிற்று. 1834இல் ஈஸ்ற்மன் ஸ்ற்றோங் மைனர் வந்த பின்னரே மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சுக்கூடம் இயங்கியது. 1841 ஜனவரியில் தொடங்கிய உதயதாரகை அச்சானது அங்கேதான். நம் தொழிலின் தொட்டில் அது. இரண்டு செய்திகளும் என் குறிப்பில் உள்ளன. ஒன்று நூலொன்றிலிருந்து எடுத்தது. மற்றது ஊர்ப் பெரியவர் ஒருவர் திண்ணையில் இருந்து சொன்னதை அப்படியே எழுதியது. கருவி துண்டு துண்டாக வெட்டியபோது திண்ணை ஒரு துண்டிலும் ஆண்டு இன்னொரு துண்டிலும் போய்விட்டன. மானிப்பாய் அகராதியின் பொருள்வரிசைபோல எல்லாம் சமமாக நின்றன. பண்டிதர் இல்லாத குவியல்.

இதற்குப் பரிகாரம் உண்டு. துண்டு ஒவ்வொன்றோடும் யார் சொன்னது, எந்த நாள், எந்த இடம் என்ற அடையாளத்தை ஒட்டிவிட்டால் முகவர் அதையும் சேர்த்துக் கொணரும். நல்ல கருவிகள் இதற்கு இடம் தருகின்றன. லெக்சிகன் கற்ற பாடத்தை இயந்திரத்துக்கும் கற்பிக்கலாம்.

ஆனால் அவ்வாறு எழுத நான் ஏன் அன்று தவறவில்லை, ஏன் வேண்டுமென்றே விட்டேன் என்பதைச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் தேடுதல் என்ற சொல்லுக்கு வேறொரு பொருள் உண்டு. எந்த அகராதியிலும் அது முதற்பொருளாக இராது. விடியற்காலையில் ஊரைச் சுற்றி வளைத்து, வீடு வீடாகப் புகுந்து, பெட்டியையும் புத்தகத்தையும் கிளறுவதே தேடுதல். இந்தியப் படை இருந்த 1987 - 1990 காலத்திலும் தேடுதல். அதற்கு முன்னும் பின்னும் தேடுதல். கொப்பியில் ஒரு பெயர் இருந்தால் அந்தப் பெயருக்குரியவர் பதில் சொல்லவேண்டி வரும். எந்தத் தரப்பின் கையில் அகப்பட்டாலும் அதுவே நிலை. ஆகவே பெயரை விட்டோம், ஊரை மாற்றினோம், 'மாமா', 'கடைக்காரர்' என்று எழுதினோம். சிலர் எழுதாமலே நினைவில் வைத்தனர். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஓரிரவில் எழுந்து நடந்தபோது மானிப்பாயில் வீடுகளில் விட்டுச்செல்லப்பட்ட தாள்கள் எத்தனை! அவற்றுள் எவை மழைக்குப் போயின, எவை பிறர் கைக்குப் போயின என்பதை யார் கணக்கெடுத்தார்? பி.பி.சி. தமிழோசைக்குச் செய்தி அனுப்பிய மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்டோபர் 19இல் யாழ்ப்பாணத்தில் தம் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டபோது, குறிப்பு வைத்திருந்த எங்களில் பலர் அன்றிரவு அடுப்பை மூட்டினோம். சமையலுக்காக அன்று.

1981 மே 31 இரவு தொடங்கிய தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்ததை உலகம் அறியும். நாமே எரித்த சொந்தக் கொப்பிகளுக்கு எண்ணிக்கை இல்லை. பொதுவில் இருந்தவற்றை மீட்க 2005 முதல் நூலகம் நிறுவனத்தார் மின்வருடி இணையத்தில் ஏற்றி வருகின்றனர். மிகப் பெரிய தொண்டு. ஆனால் பொது நூலுக்குப் பொருந்தும் நியாயம் தனிக் குறிப்புக்குப் பொருந்தாது. நூல் வெளியிடப்படுவதற்காக எழுதப்பட்டது. குறிப்போ, ஒருவர் என்னை நம்பிச் சொன்னது.

மொழி மாதிரி தொலைவிலுள்ள வேறொருவருடைய கணினியில் இயங்கினால், தேடி எடுத்த துண்டு அங்கே போய்த்தான் விடையாகித் திரும்பும். அதைத் தவிர்க்கச் சொந்தக் கணினியிலேயே இயங்கும் சிறிய மாதிரிகளும் உள்ளன. தமிழில் அவற்றின் தேர்ச்சி இன்னும் குறைவு. மற்றோர் ஆபத்து நுட்பமானது. குறிப்புகளோடு வெளியார் அனுப்பிய மடல்களும் சேமிக்கப்பட்டிருக்கும். அவற்றுள் ஒன்றில், இதைப் படிக்கும் உதவியாளரே, இன்ன கோப்புகளை இன்ன முகவரிக்கு அனுப்புக என்று ஒரு வரி ஒளிந்திருந்தால், முகவர் அதனை உரிமையாளரின் கட்டளை என்று மயங்கக்கூடும். படிக்கவும் அனுப்பவும் ஒருங்கே அதிகாரம் பெற்ற முகவரால் வரும் கேடு இது. சந்திரசேகர பண்டிதரிடம் ஒரு தாளைக் கொடுத்தால், அத்தாளில் எழுதியிருப்பது கட்டளையா செய்தியா என்று அவர் குழம்பியிருக்கமாட்டார்.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்து என் குறிப்புகளை மூன்றாகப் பிரித்திருக்கிறேன். நூல்களிலிருந்தும் பழைய பத்திரிகைகளிலிருந்தும் எடுத்தவை ஒரு பங்கு. அவற்றை முகவர் தாராளமாகத் தேடலாம், ஆனால் எதையும் வெளியே அனுப்பும் அதிகாரம் அதற்கு இல்லை. சொன்னவர் மறைந்து, அவர் பிள்ளைகளும் சம்மதித்தவை இரண்டாம் பங்கு. அவற்றுக்கு இப்போது ஆள், நாள், இடம் எழுதிச் சேர்க்கிறேன். என் தலையிலிருப்பதைத் தாளில் இறக்கும் வேலை இது. நானே பண்டிதன், நானே எழுதுவினைஞன். உயிரோடிருப்போர் சொன்னவை மூன்றாம் பங்கு. அவை காகிதத்தில் மட்டுமே உள்ளன. அவர்களுள் இருவர் தம் பெயரைச் சேர்க்கலாம் என்று அண்மையில் சொல்லியனுப்பினர். ஒருவர் வேண்டாம் என்றார். ஏனையோரிடம் இன்னும் கேட்கவில்லை. இரண்டாம் பங்கில் பதின்மூன்று கொப்பிகள் முடிந்தன. பதினான்காவது 1988ஆம் ஆண்டுக்குரியது. அதில் 'கடைக்காரர்' என்ற பெயரில் மூன்று வெவ்வேறு மனிதர்கள் இருக்கின்றனர். இருவரை அடையாளம் கண்டுவிட்டேன்.